மீதி மூன்று சதவீதம்

வலது சுட்டுவிரலுக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.
முழுசாகப் போனால் பதினாலு சதவீதம்.
இரண்டு கணு போனால் பதினொன்று.
நுனிக் கணு மட்டும் என்றால் ஒன்பது.
கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டர்
பிளாஸ்டிக் ஸ்கேலை என் கைமேல் வைத்துப் பார்த்து
பதினொன்று என்று எழுதினார்.
அப்படியானால்
அடியில் நிற்கும் இந்தக் குட்டைக் கணு
மூன்று சதவீதம்.
இது இன்னும் என்னுடையது.

விரல் போனது மேட்டுப்பாளையத்தில்,
அட்டைப்பெட்டி கம்பெனியின் பஞ்சிங் மிஷினில்,
நைட் ஷிப்டு, இரண்டே கால் மணி.
அது புதுச்சேரி.
மீதி நான் இருப்பது செம்மண்டலத்தில்.
அது கடலூர்.
கடலூரில் மனு கொடுத்தால்
"விபத்து அங்கேதானம்மா நடந்துது, அங்கே போ."
புதுச்சேரியில் கொடுத்தால்
"உன் ஆதார் தமிழ்நாடு, அங்கே கேட்டுப் பாரு."
நடுவில் பெண்ணையாறு.
பஸ் பாலமேறும்போதெல்லாம்
மடியில் கிடக்கும் கையைப் பார்ப்பேன்:
நீ எந்த ஊர்க்காரி?

காண்ட்ராக்டர் கஜபதியின் பதில் மனுவில்
நான் அங்கே வேலையே பார்க்கவில்லை.
பதிவேட்டில் அஞ்சலாட்சி என்று யாரும் கிடையாது.
யாருக்கோ சாப்பாடு கொடுக்க வந்த வெளியாள்,
விளையாட்டாகக் கையை உள்ளே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் ஒன்பது மாசம்
சனிக்கிழமை தோறும் எண்ணி வாங்கிய கூலி.
ஈ.எஸ்.ஐ.க்கு என்று வாராவாரம் பிடித்தார்.
எங்கே கட்டினார் என்பது
கடவுளுக்கும் கஜபதிக்கும் தெரியும்.
எனக்குச் சாட்சி சொல்ல
பால்காரரும் சீட்டுக்காரியும் வருவார்கள்.
அவர்கள் பார்த்தது கூலியை,
மிஷினை இல்லையே என்கிறார் வக்கீல்.

அப்புறம்தான் ஒருத்தி தன் போனில் தேடி எடுத்தாள்.
சபுரா என்று வைத்துக்கொள்ளுங்கள்;
அது அவள் பெயரில்லை, அவளுக்கு இன்னும் அங்கேதான் வேலை.
போன வருஷத்து ஆயுத பூஜை.
வாழைக்கன்று கட்டிய பஞ்சிங் மிஷின்,
பொரிகடலைத் தட்டு, உடைத்த பூசணி,
வரிசையாக நாங்கள் பதினோரு பேர்,
ஓரத்தில் மடிப்புக் கலையாத சட்டையில் கஜபதி.
நான் குனிந்து
மிஷினின் வாய்க்கு மேலே சந்தனம் வைக்கிறேன்,
இந்த விரலால்.
போட்டோவில்கூட அது முழுசாகத் தெரியவில்லை.
நுனி சந்தனத்துக்குள் இருக்கிறது.

படத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில்
அவள் போனின் மாடல் பெயர் இருந்தது.
ஸ்டுடியோக்காரரிடம் அதை மட்டும் வெட்டச் சொன்னேன்.
வெட்டியதில்
என் கால்களும் போய்விட்டன, பரவாயில்லை.

விசாரணை அன்று அதிகாரி
படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.
"உங்களுக்கு வேலை கொடுத்தவர் இந்த ரூமில் இருக்காரா?
இருந்தா காட்டுங்க."

கையைத் தூக்கினேன்.
பழக்கம் விடவில்லை, அதே விரல்தான் முந்திக்கொண்டது.
மூன்று சதவீதம்
நீண்டு நின்றது.
அவ்வளவு தூரம் எட்டுமா என்று எனக்கே சந்தேகம்.
கஜபதி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

டைப் அடிக்கிற பெண் கேட்டாள்:
"சுட்டிக் காட்டினார்னு போடட்டுமா சார்?"
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
"போடும்மா."

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.
முகூர்த்த நாளா என்று காலண்டரில் பார்க்க வேண்டும்.
முகூர்த்தம் என்றால் பூக்கடையில் லீவு கிடைக்காது.
ஒன்பது விரலில் கட்டுவதால்
ஏற்கெனவே எனக்கு
முழத்துக்கு ஒரு ரூபாய் குறைவு.